பெய்யாத மழையின் தண்ணீர்

கோரைப்பள்ளத்தில் 'கந்தர்வபுரி ரெசிடென்சி, அறுநூறு கனவு இல்லங்கள்' என்று ஆளுயரத்துக்கு மேல் ஒரு பலகையை நட்டு, அதற்குப் பூசணிக்காயும் உடைத்துவிட்டுக் கம்பெனிக்காரர்கள் போன மறுநாள் காலை, அக்னி நட்சத்திர வெயில் சுள்ளென்று அடித்துக்கொண்டிருந்த நேரத்தில், மோகனாம்பாள் நகர்ச் சாலையில் இன்னும் பெய்யாத மழையின் தண்ணீர் முழங்கால் அளவுக்கு வந்து நின்றது.

பால் பாக்கெட் எடுக்கக் கேட்டைத் திறந்த பூங்காவனம்தான் அதை முதலில் பார்த்தாள். பார்த்தவுடன், தாம்பரத்துக்குத் தெற்கே கடன் வாங்கி வீடு கட்டிய எவரும் செய்வதைத்தான் அவளும் செய்தாள்: புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு உள்ளே ஓடி மோட்டார் சுவிட்சை அணைத்தாள், அரிசி மூட்டையைக் கட்டில்மேல் ஏற்றினாள், கேஸ் சிலிண்டரை அடுப்பு மேடைக்குத் தூக்கினாள், அதற்கப்புறம்தான் வானத்தை அண்ணாந்து பார்த்தாள். வானத்தில் மருந்துக்கும் ஒரு மேகம் இல்லை.

"மழையே பேயலியே, தண்ணி எங்கேர்ந்துய்யா வந்துச்சு?" என்றாள்.

அவள் கணவர் தணிகாசலம் கட்டிலில் சாய்ந்தபடியே ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார். காலமெல்லாம் டவுன் பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். "ஐப்பசியில வரவேண்டிய தண்ணி. முன்னாடியே வந்து துண்டு போட்டு சீட் பிடிக்குது," என்றார்.

அவர் விளையாட்டாகச் சொன்னதுதான் உண்மை என்று பத்து மணிக்குள் நகர் முழுக்கத் தெரிந்துபோயிற்று. மோகனாம்பாள் நகருக்கு இருப்பது ஒரே சாலை. அதன் ஒரு முனையில் ரயில்வே கேட், மறுமுனையில் கோரைப்பள்ளம். எத்தனை பெரிய மழையானாலும் தண்ணீர் சாலையோடு ஓடிப் பள்ளத்தில் இறங்கி, கோரைப் புல்லுக்கு நடுவே நாலு நாள் படுத்துக் கிடந்துவிட்டு, ஓடை வழியாக ஏரிக்குப் போய்ச் சேரும். அந்தப் பள்ளத்தைத்தான் கம்பெனி வாங்கியிருந்தது. பள்ளத்தைச் சுற்றி மதில் வரப்போகும் இடத்தில் சுண்ணாம்புக் கோடும் போட்டிருந்தது. பள்ளம் போனால் தண்ணீர் எங்கே நிற்கும், அறுநூறு வீட்டுக் கார்களும் இதே சாலையில் இறங்கினால் கேட்டை எப்போது தாண்டுவது என்று ஜனங்கள் முதல்நாள் மாலைதான் கவலைப்பட்டு முடித்திருந்தார்கள். கவலையின் ஈரம் காய்வதற்குள் தண்ணீரே வந்துவிட்டது.

விசித்திரமான தண்ணீர் அது. நனைக்காது, ஆனால் இழுக்கும். அதில் நடந்தால் கால் கனத்தது, சில்லிட்டது, சாக்கடை வாடைகூட லேசாக அடித்தது. வெளியே ஏறினால் புடவை நுனியில் ஒரு சொட்டு ஈரம் இருக்காது. கைப்பேசியில் படம் எடுத்தால் காய்ந்த தார்ச்சாலையும், அதன் நடுவே காரணமில்லாமல் புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்கும் பெண்களும்தான் தெரிந்தார்கள். வண்டிகளை மட்டும் அது ஏமாற்றவில்லை. மோட்டார் சைக்கிள், கார், ஆட்டோ எதுவானாலும் அதற்குள் இறங்கினால் இரண்டு முறை இருமிவிட்டு நின்றுவிடும்.

முதல் வாரம் எல்லோரும் புலம்பினார்கள். இரண்டாவது வாரம் பழகிக்கொண்டார்கள். வண்டிகளை ரயில்வே கேட் ஓரம் மேட்டில் நிறுத்திவிட்டு வீட்டுக்கு நடந்து வந்தார்கள்; ஆபீஸ் போகிறவர்கள் பேண்டை முழங்காலுக்கு மேல் சுருட்டி, செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு போய், மேட்டில் ஏறிச் சுருட்டியதை இறக்கிவிட்டுக்கொண்டார்கள்; பூக்காரி கூடையைத் தலையில் வைத்துக்கொண்டாள்; காலண்டரில் கத்திரி வெயில் என்று போட்டிருக்கும்போதே தவளைகள் கத்தின. சுந்தரவதனம் வீட்டுப் பையன்கள் வலை போட்டுக் கெண்டை பிடித்தார்கள். அவர்கள் அம்மா அதை ஆசையாக ஆய்ந்து குழம்பு வைத்து, மூடியைத் திறந்து பார்த்தபோது சட்டியில் புளித்தண்ணீரும் கறிவேப்பிலையும் மட்டும் இருந்தன. "பொறக்காத மீனுக்கு மசாலா வேற அரைச்சேன் பாரு," என்று அவள் தன்னையே நொந்துகொண்டாள். மற்றபடி யாரும் பெரிதாக ஆச்சரியப்படவில்லை. மோகனாம்பாள் நகர்க்காரர்கள் பட்டாவுக்கும் குடிநீர் இணைப்புக்கும் அலைந்தவர்கள். அவர்களை ஆச்சரியப்படுத்துவது லேசான காரியமில்லை.

பூங்காவனத்துக்கு மட்டும் அந்தத் தண்ணீர் பழகவே இல்லை. தணிகாசலத்துக்கு இரண்டு சிறுநீரகமும் கெட்டுப்போய், செவ்வாயும் வெள்ளியும் டயாலிசிஸ். மற்றவர்களுக்குத் தண்ணீர் தொந்தரவு. அவளுக்கு அது அவர் உயிருக்கும் ஆஸ்பத்திரிக்கும் நடுவே கிடந்தது. முன்பெல்லாம் மஸ்தான் தன் ஆட்டோவை வீட்டுக் கேட்டுக்கு முன்னாலிருந்த சிமெண்ட் சரிவில் ஏற்றி வாசற்படி வரைக்கும் கொண்டுவந்துவிடுவான். அவர் ஓரடி எடுத்துவைத்தால் சீட்டில் உட்கார்ந்துவிடலாம். இப்போது மஸ்தான் ரயில்வே கேட் மேட்டிலேயே நின்றுகொண்டு, "அக்கா, எறங்குனா வண்டி ஆஃப் ஆயிடுதுக்கா, நான் என்னக்கா பண்றது?" என்று கையைப் பிசைந்தான்.

அதற்கும் நகர் ஒரு வழி கண்டுபிடித்தது. தணிகாசலத்தைப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்து, ஆளுக்கொரு காலாகப் பிடித்துத் தூக்கிக்கொண்டு போனார்கள். வீட்டுக்கு வீடு முறை வைத்துக்கொண்டு ஆட்கள் வந்தார்கள். சாமி புறப்பாடு மாதிரி அவர் மேலே மிதந்துகொண்டு போக, பழைய விசிலை வாயில் வைத்து ஊதி, "வழி வுடு, வழி வுடு, லேடீஸ்லாம் முன்னாடி போ" என்று எதிரே வருகிறவர்களை ஒதுக்குவார். எல்லோரும் சிரிப்பார்கள். பின்னாலேயே மருந்துப் பையோடு வரும் பூங்காவனம் சிரிக்கமாட்டாள்.

அவள் பயந்தது ஒரு வெள்ளிக்கிழமை நடந்தது. ரயில்வே கேட் மூடிக் கிடந்தது; மேட்டில் நிறுத்திய வண்டிகள் ஒன்றோடொன்று சிக்கி, பள்ளிக்கூட வேன் நடுவில் மாட்டி, ஒருவரை ஒருவர் திட்டிக்கொண்டு யாரும் நகர முடியாமல் போயிற்று. மஸ்தானின் ஆட்டோ ஆஸ்பத்திரியை அடைந்தபோது அவருக்கு வைத்திருந்த மெஷினில் வேறு யாரோ படுத்திருந்தார்கள். காத்திருந்த நேரத்தில் தணிகாசலத்துக்கு மூச்சு வாங்கியது, முகம் ஊதியது, விளையாட்டுப் பேச்சு நின்றுபோயிற்று. அவர் பேசாமல் இருந்து அவள் பார்த்ததே இல்லை. சாயங்காலம் ஒருவழியாக இடம் கிடைத்துப் பிழைத்து வந்தார். இந்தத் தண்ணீர் வெறும் முன்பதிவு. நிஜத் தண்ணீர் வந்து, அறுநூறு வீட்டுக் கார்களும் வந்தால் என்ன ஆகும் என்று நினைக்கவே அவளுக்குத் தைரியம் வரவில்லை.

நலச் சங்கச் செயலாளர் ரங்கபாஷ்யம், பேங்க் ஆபீசராக இருந்து ஓய்வு பெற்றவர், மேலே எழுதி எழுதி ஒருவழியாகக் கட்டட அனுமதி ஆபீசிலிருந்து ஒரு பொறியாளரை வரவழைத்தார். ஹேமாவதி என்று பெயர். அந்த அம்மா சுடிதாரைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, முழங்கால் தண்ணீரில் தத்தித் தத்திச் சாலை முழுக்க நடந்தார். அளவுகோலை இறக்கினார், அது காய்ந்தபடியே மேலே வந்தது.

"என்னால இதை எழுத முடியாதும்மா," என்றார் பூங்காவனத்திடம், வருத்தமாக. "அளவுல வராததை எப்படிக் காட்டுறது? ரோடு காய்ஞ்சு இருக்குன்னுதான் எழுதணும்."

"கால் சில்லுனு இல்லியா மேடம்?"

"இருக்கு. இன்னும் கொஞ்ச நேரம் நின்னா எனக்குத் தும்மலே வந்துடும்."

ஆனாலும் அவர் நல்ல மனுஷி. கம்பெனியையும் ஜனங்களையும் ஒரே இடத்தில் உட்கார வைத்து, கருத்துக் கேட்புக் கூட்டத்துக்கு ஏற்பாடு செய்தார்.

கூட்டம் கல்யாண மண்டபத்தில் நடந்தது. மண்டபத்துக்குள்ளும் தண்ணீர் இருந்ததால் எல்லோரும் நாற்காலியில் காலைத் தூக்கி மடக்கி உட்கார்ந்திருந்தார்கள். ரங்கபாஷ்யம் அரை மணி நேரம் பேசினார். மழை, பள்ளம், ஓடை, ஒரே சாலை, ஒரே கேட், ஆம்புலன்ஸ் வர வழியில்லை என்று அவர் அடுக்க அடுக்க, ஜனங்கள் கைதட்டினார்கள். சுந்தரவதனம் எழுந்து, "எங்க தண்ணிய நீங்க அடைக்கப் போறீங்க!" என்று கத்திவிட்டு, ஆவேசத்தில் காலை இறக்கி, சில்லிட்டு, திரும்ப மேலே தூக்கிக்கொண்டார்.

கம்பெனி மேனேஜர் பிரசன்னா வாலிபர். பேண்டைச் சுருட்டிக்கொண்டு மேடையில் நின்றார். அவர் கோபப்படவே இல்லை. "எல்லாம் சரிங்க. உங்க ரோட்டுக்கு ரெண்டு பக்கமும் மழைநீர் வடிகால் போட்டுக் குடுத்திருந்தாங்களே, அது எங்கங்க?" என்று கேட்டார்.

மண்டபத்தில் தவளை ஒன்று மட்டும் கத்தியது.

வடிகால் எங்கே என்று எல்லோருக்கும் தெரியும். மோகனாம்பாள் நகரில் வீடு கட்டுகிறவர்கள் பக்கத்து வீட்டைவிடத் தங்கள் வீட்டை ஒரு படியாவது உயர்த்திக் கட்டுவார்கள். உயர்ந்த வீட்டுக்கு வண்டி ஏற வேண்டுமே, அதற்கு மேஸ்திரி யாரும் சொல்லாமலேயே கடைசி மூட்டை சிமெண்டை எடுத்துவைத்துக் கேட்டுக்கு வெளியே ஒரு சரிவு போட்டுக் கொடுப்பார். அந்தச் சரிவு வடிகாலின் மேல்தான் உட்காரும். சைக்கிள் போய் பைக் வந்தால் சரிவு அகலமாகும், பைக் போய் கார் வந்தால் நீளமாகும். ரங்கபாஷ்யம் தன் சரிவின் பக்கத்தில் கிரானைட் பதித்து, குரோட்டன்ஸ் தொட்டிகள் வைத்திருந்தார். சாலை முனையில் ஒரு பிள்ளையாரே வடிகால்மேல் குடியிருந்தார். கிரகப்பிரவேசத்துக்கு வந்தவர்கள் யாரும், தண்ணீர் எப்படிப் போகும் என்று கேட்டதில்லை. கேட்டால் மரியாதையாக இருக்காது.

"நாங்க கட்டலைன்னாலும் உங்க தண்ணி ரோட்டுலதாங்க நிக்கும்," என்றார் பிரசன்னா. அன்று காலையில் எடுத்த வாசல் படங்களை ஒவ்வொன்றாகத் திரையில் காட்டினார். ஒவ்வொரு படத்துக்கும் ஒரு தலை குனிந்தது. நீளத்திலும் அகலத்திலும் முதலிடம் பூங்காவனம் வீட்டுச் சரிவுக்குத்தான். ஆட்டோ வாசற்படி வரை வர வேண்டுமென்று அவளே மேஸ்திரியிடம் சொல்லிச் சொல்லிப் போட்டது. அவளுக்குக் காது சூடேறியது.

ஹேமாவதி பெருமூச்சு விட்டார். "தப்பு ரெண்டு பக்கமும் இருக்கு. இதுல எவ்வளவு உங்க தண்ணி, எவ்வளவு அவங்க தண்ணின்னு நான் எப்படிப் பிரிக்கிறது? பிரிக்க முடியலைன்னா கம்பெனிக்கு அனுமதி கிடைச்சுடும். அடுத்த வாரம் முடிவு சொல்லணும்."

பூங்காவனம் வீட்டுக்கு நடந்தாள். வழியெல்லாம் முழங்காலைத் தண்ணீர் இழுத்தது. அந்தக் கம்பெனி ஆள் சொன்னது பொய்யாக இருந்தால் திட்டியாவது தீர்த்திருக்கலாம். உண்மையாகப் போய்விட்டதே என்றுதான் அவளுக்கு ஆத்திரம். சரிவை உடைத்தால் மஸ்தான் ஆட்டோவை வாசலுக்கு ஏற்ற முடியாது. செங்குத்தான படிகளில் அவர் இறங்கியாக வேண்டும், அதுவும் டயாலிசிஸ் முடிந்து கால் துவண்டு வரும் நாட்களில் ஏறியாக வேண்டும். உடைக்காவிட்டால் தண்ணீர் நிற்கும். அவரை வைத்துக்கொண்டு எதைச் செய்வது?

உள்ளே போய் நடந்ததை எல்லாம் சொன்னாள். தணிகாசலம் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "ஒடைச்சுடு பூங்கா," என்றார்.

"நீ எப்பிடிய்யா எறங்குவ?"

"ஓடுற பஸ்ல படிக்கட்டுல தொங்கிக்கிட்டே டிக்கெட் கிழிச்சவன். நின்னுக்கிட்டிருக்கற வூட்லேர்ந்து எறங்க மாட்டேனா? நீ கையப் புடிச்சுக்கோ, போதும்."

அவள் பின்கட்டுக்குப் போய்க் கடப்பாரையை எடுத்துவந்து, புடவையை வரிந்து கட்டிக்கொண்டு, உச்சி வெயிலில், முழங்கால் தண்ணீரில் நின்றபடி சரிவில் முதல் போடு போட்டாள். சிமெண்ட் நன்றாகத்தான் போட்டிருந்தார் மேஸ்திரி, பாவி. உள்ளங்கை கொப்பளிக்கும்வரை இடித்தாள். மஸ்தான் ஓடிவந்து ஒரு கை கொடுத்தான். சாய்ந்த வெயிலில் ஒரு துண்டு பெயர்ந்து உள்ளே விழுந்தது. கீழே இருண்டு கிடந்த வடிகால் பெரிதாக ஒரு ஏப்பம் விட்டது. தண்ணீர் சுழித்துக்கொண்டு அதற்குள் இறங்கத் தொடங்கியது. சாலை முழுக்கத் தண்ணீர் ஒரு விரல்கடை குறைந்ததை மாடியிலிருந்து பார்த்தவர்கள் எல்லோரும் சத்தம் போட்டுச் சொன்னார்கள்.

மறுநாள் சுந்தரவதனம் வீட்டில் கடப்பாரைச் சத்தம் கேட்டது. அதற்கடுத்து எதிர்வீட்டில். ஒருவர் உடைத்தால் பக்கத்து வீட்டுக்காரர் ஜன்னல் வழியாகப் பார்ப்பதும், பிறகு தொண்டையைக் கனைத்துக்கொண்டு சம்மட்டி இரவல் கேட்டு வருவதுமாகப் போயிற்று. ரங்கபாஷ்யம்தான் கடைசி. குரோட்டன்ஸ் தொட்டிகளை மாடிக்கு ஏற்றிவிட்டு, கிரானைட்டைத் தடவிப் பார்த்துவிட்டு, "செயலாளர் சரிவு மட்டும் நின்னா நாளைக்கு எவன் மதிப்பான்? உடைங்கோ," என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். பிள்ளையாரை முறைப்படி பாலாலயம் செய்து அரசமரத்தடிக்குக் கொண்டுபோனார்கள்; புது இடத்தில் காற்றோட்டம் அதிகம் என்று குருக்களே சொன்னார். அள்ளிய மண்ணில் சிமெண்ட் சாக்கும், காலி பாட்டிலும், யாரோ தொலைத்த கொலுசும் வந்தன. ஒவ்வொரு சரிவுக்கும் தண்ணீர் விரல்கடை விரல்கடையாக இறங்கிக் கணுக்காலுக்கு வந்தது. அதற்குமேல் இறங்கவில்லை.

இனி உடைக்கத் தங்களிடம் ஒன்றுமில்லை என்று ஆனபிறகு, ஹேமாவதியையும் பிரசன்னாவையும் அழைத்தார்கள். மிச்சமிருந்த தண்ணீர் தெளிந்து, சாலையோடு ஓடி, கோரைப்பள்ளத்தைப் பார்க்கப் போய்க்கொண்டிருந்தது. எல்லோரும் அதன் கூடவே நடந்தார்கள். சுண்ணாம்புக் கோடு வரை ஓடிய தண்ணீர், அங்கே ஒன்றுமே இல்லாத வெட்டவெளியில், சுவரில் முட்டியதைப் போல முட்டிக்கொண்டு திரும்பியது. ஹேமாவதி குனிந்து கோட்டின் மேலே கையை வைத்துப் பார்த்தார். இந்தப் பக்கம் சில்லென்றிருந்தது. அந்தப் பக்கம் புழுதி சுட்டது.

"மிஸ்டர் பிரசன்னா, இது உங்களுது," என்றார்.

பிரசன்னாவும் குனிந்து கோட்டுக்கு இரண்டு பக்கமும் தொட்டுப் பார்த்தார். அவருக்கும் வேறு கஷ்டம் இருந்தது. வீடு வாங்க இடத்தைப் பார்க்கக் குடும்பத்தோடு வருகிறவர்கள் பாதிச் சாலையில் கார் நின்று, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வந்து, கையெழுத்துப் போடாமல் திரும்பிப் போய்க்கொண்டிருந்தார்கள். "மாத்திடலாம் மேடம்," என்றார் கடைசியில்.

ஹேமாவதி எப்படித்தான் எழுதினாரோ, தண்ணீர் என்ற சொல்லே இல்லாமல் எழுதினார் என்று சொல்கிறார்கள். பள்ளத்திலும் ஓடையிலும் கை வைக்கக் கூடாது. மேட்டுப் பகுதியில் மட்டும் கட்டிக்கொள்ளலாம். வீடுகள் பாதியாகக் குறைய வேண்டும். வாசல் இந்தச் சாலையில் இல்லை, பின்புறம் புறவழிச்சாலையில்தான் என்று உத்தரவாயிற்று. ஆட்கள் வந்து பழைய சுண்ணாம்புக் கோட்டைக் காலால் தேய்த்து அழித்து, மேட்டோரம் புதிதாகப் போட்டார்கள். போட்டு முடித்த அந்த நிமிஷம், அது சாப்பாட்டு வேளை, மோகனாம்பாள் நகர்ச் சாலையில் ஒரு பெருமூச்சு கேட்டது. தண்ணீர் போய்விட்டது. நகரே வாசலுக்கு வந்து நின்று, ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து, காரணம் சொல்லாமல் சிரித்தது. அதற்குப் பிறகும் நெடுநாள் பெண்கள் கேட்டைத் தாண்டும்போது பழக்கதோஷத்தில் புடவையைத் தூக்கிக்கொண்டார்கள்.

பூங்காவனம் மட்டும் முழுசாக நம்பவில்லை. ஆடி போயிற்று, ஆவணி போயிற்று, ஐப்பசியில் அடைமழை பிடித்துக்கொண்டது. ஒரு வெள்ளிக்கிழமை விடிகாலையிலிருந்து வானம் பொத்துக்கொண்டு ஊற்றியது. பக்கத்து ஊர்களில் எல்லாம் படகு விடுகிறார்கள் என்று டிவியில் ஓடியது. அவள் மூன்று தடவை மாடிக்கு ஏறிச் சாலையைப் பார்த்துவிட்டு வந்தாள். தண்ணீர் வந்தது, நிஜத் தண்ணீர், நனைக்கிற தண்ணீர். இரண்டு பக்கமும் திறந்து கிடந்த வடிகாலில் திமுதிமுவென்று இறங்கி, பள்ளத்தைப் பார்த்து ஓடியது. சாலையில் நிற்கவில்லை.

படிக்கட்டில் ஒரு கை அவள் தோளிலும் ஒரு கை கம்பியிலுமாக, ஒவ்வொரு படியிலும் நின்று மூச்சு வாங்கித்தான் தணிகாசலம் இறங்கினார். கீழே வடிகால்மேல் போட்டிருந்த கல்பலகையை ஒட்டி மஸ்தான் ஆட்டோவைக் கொண்டுவந்து நிறுத்தியிருந்தான், குடை பிடித்துக்கொண்டு. வண்டி கிளம்பியது. எங்கே இருமப்போகிறதோ, எங்கே நிற்கப்போகிறதோ என்று அவள் முன்கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். ரங்கபாஷ்யம் வீடு தாண்டியது, அரசமரம் தாண்டியது, ரயில்வே கேட் திறந்திருந்தது, அதையும் தாண்டியது. பிடித்திருந்த கம்பியை அவள் விட்டாள். கண்ணில் தண்ணீர் பொலபொலவென்று கொட்டியது, துடைக்கவும் தோன்றவில்லை.

ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ் வார்டு பாதி காலியாக இருந்தது. தணிகாசலத்தைப் படுக்க வைத்து ஊசியைச் செருகி மெஷினை ஓட்டிவிட்ட நர்ஸ், அவருக்குப் போர்வையைப் போர்த்திவிட்டு, பூங்காவனத்தை ஆச்சரியமாகப் பார்த்தாள்.

"உங்க பக்கத்துலேர்ந்து யாருமே வரலியேம்மா. ரெண்டு பேரை மட்டும் இப்பதான் படகுல ஏத்திக் கூட்டிட்டு வர்றாங்களாம். இந்த மழையில நீங்க எப்பிடிம்மா வந்தீங்க?"

பூங்காவனம் முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டாள்.

"ரோட்டுலதாம்மா வந்தோம்," என்றாள். சொல்வதற்கு அது அவ்வளவு நன்றாக இருந்ததால், இன்னொரு முறையும் சொன்னாள். "ரோட்டுலதான் வந்தோம்."